செவலையும் கருப்பும்: ஒரு பூனைத்தோலின் வரலாறு

கருப்பும் செவலையும் திட்டுத்திட்டாய்க் கலந்த பூனையைக் கண்டால் பெட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அநேகமாகத் தப்பாது. பூனை வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். விஞ்ஞானம் இதை எந்தக் கேள்வியாக மாற்றிக்கொண்டது என்பதில்தான் எனக்கு அக்கறை. கேம்பிரிட்ஜின் டான்காஸ்டர் 1904இலிருந்தே இதைப் பற்றி எழுதிவந்தார். அவரை அலைக்கழித்தது பெட்டையின் உடம்பு அல்ல. அபூர்வமாய், அதே நிறக் கலவையோடு பிறந்துவிடும் கடுவன். விதியை மீறுகிற ஆண்தான் புதிர். பெட்டை விதிக்குள் அடங்கிவிட்டதால் அவளிடம் கேட்க எதுவுமில்லை!

செவலைக்கான காரணி பாலினத்தோடு பிணைந்து இறங்குகிறது என்று 1912இல் எழுதியவர் அமெரிக்கரான சி.சி. லிட்டில். (இனமேம்பாட்டு இயக்கத்தில் தலைமை வகித்தவர், 1954க்குப் பிறகு சிகரெட் கம்பெனிகளின் அறிவியல் குழுத் தலைவராய் உட்கார்ந்து, புகையால் புற்றுநோய் வருமென்பது நிரூபணமாகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அது வேறு கதை.) கடுவனுக்கு ஒரே எக்ஸ் குரோமசோம், எனவே செவலை அல்லது கருப்பு, இரண்டிலொன்று. பெட்டைக்கு இரண்டு எக்ஸ். சரி, இரண்டு நிறமும் ஒன்றோடொன்று கரைந்து மங்கலாகாமல் ஏன் தனித்தனித் திட்டாக நிற்கின்றன?

இதற்கு விடை ஐம்பது வருஷம் கழித்து ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. மேரி லயன் 1943இல் கேம்பிரிட்ஜில் சேர்ந்தபோது பெண்களுக்குப் பெயரளவுப் பட்டம்தான். முழுப்பட்டம் 1948இல்தான் வந்தது. ஹார்வெல்லில் எலிகளை ஆராய்ந்த அவர் 1961இல் சொன்னது இது: கரு சின்னஞ்சிறிதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை ஓய்த்துவிடுகிறது. எதை ஓய்ப்பது என்பது தற்செயல். அந்தச் செல்லின் வழித்தோன்றல்கள் எல்லாம் அதே தேர்வைச் சுமக்கின்றன. ஆக, பூனையின் முதுகில் நாம் பார்ப்பது கருவில் நடந்த தற்செயல்களின் வரைபடம். பெண்ணுடல் ஒற்றையானதல்ல, ஒட்டுப்போட்டது. அதே 1961இல் கடுவனின் புதிரும் அவிழ்ந்தது. சோதித்த கடுவன்களுக்கு இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் இருந்தன. வழக்கமான 38க்குப் பதில் 39 குரோமசோம்கள்.

பிறப்பிலேயே எல்லாம் எழுதியாயிற்று என்பவர்களுக்கு இந்தத் தோல் தோதான சாட்சியல்ல. 2001இல் டெக்சாஸில் ஒரு மூவண்ணப் பெட்டையை நகலெடுத்தார்கள். பிறந்த குட்டியின் உடம்பில் செவலை மயிரே இல்லை. மரபணு அதேதான், தோல் வேறு. செவலைக்குக் காரணம் எக்ஸில் ஏஆர்எச்ஜிஏபி36 என்ற மரபணுப் பகுதியில் சுமார் 5,000 எழுத்துகள் விடுபட்டுப்போனதுதான் என்று ஜப்பானியக் குழுவும் ஸ்டான்ஃபோர்டு குழுவும் 2025இல் வெளியிட்டன. அந்த விடுபடல் எந்த இடத்தில் செவலைத் திட்டாக விழும் என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

இந்த வரலாற்றுக்கு இன்னொரு கிளை உண்டு. லயனுக்கு முன்பே, 1949இல், கனடாவில் பாரும் பெர்ட்ராமும் பூனைகளின் நரம்புச் செல்களை ஆராயும்போது பெட்டைகளிடம் மட்டும் ஒரு கரும்புள்ளியைக் கண்டார்கள். ஓய்ந்துபோன எக்ஸ்தான் அது என்பது பின்னால் தெரிந்தது. பெண்ணுடலின் பன்மையைக் காட்டிய அந்தப் புள்ளியையே 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பெண்மைக்கான சான்றாக்கினார்கள். வீராங்கனைகளின் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டிப் பார்த்தார்கள். புள்ளி இல்லாதவள் பெண்ணில்லை. ஸ்பெயினின் மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டீனோ 1985இல் இப்படித்தான் வெளியே தள்ளப்பட்டார். வேறு முறைகள் வந்த பிறகும் வெட்டரிவாள் அதேதான்: புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனின் 2006 தோகா வெள்ளிப்பதக்கம் பாலினச் சோதனையின் பேரில்தான் பறிபோனது. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவுக்கு மறுபடி மரபணுச் சோதனையைக் கொண்டுவந்திருக்கிறது.

டான்காஸ்டரைத் தூங்கவிடாத அந்தக் கடுவனின் செல்லிலும், ஓய்ந்த எக்ஸ் ஒன்று இருப்பதால், அதே கரும்புள்ளி இருக்கும். 1968இல் அதன் கன்னத்தைச் சுரண்டியிருந்தால், பெண் என்று சான்றிதழ் எழுதிக் கையில் கொடுத்திருப்பார்கள்.