மனக்காட்சியின் சமூக அடிப்படை: ஒரு வரலாற்று நோக்கு

புனைகதை வாசிப்பில் உருவாகும் மனக்காட்சியைத் தனிமனிதக் கற்பனையின் விளைவாக மட்டும் கொள்வது திறனாய்வில் நெடுநாள் நிலவும் வழக்கு. எழுத்தாளன் சொல்லைத் தருகிறான். வாசகன் உருவத்தைக் காண்கிறான் என்பது அதன் சாரம். அவ்வுருவத்துக்கான மூலப்பொருள் எங்கிருந்து கிடைக்கிறது என்பதை இரு உதாரணங்கள்கொண்டு நோக்குவோம்.

ஜோர்ஜ் நியூன்ஸ் 1891 இல் இலண்டனில் தொடங்கிய 'ஸ்ட்ரான்ட்' சஞ்சிகை, பெருகிவந்த நடுத்தரவர்க்க வாசகரைப் படங்களால் ஈர்க்க முனைந்தது. அவ்வாண்டு ஜூலை முதல் ஆர்தர் கொனன் டொயிலின் ஷேர்லொக் ஹோம்ஸ் சிறுகதைகள் அதில் வெளிவந்தன. ஒரு கதையில் ஹோம்ஸ் தலையோடு ஒட்டிய துணித்தொப்பி அணிந்திருந்தார் என்றே ஆசிரியர் எழுதினார். ஓவியர் சிட்னி பஜெற் அதனை மான்வேட்டைத் தொப்பியாக வரைந்தார். வளைந்த புகைக்குழாயோ 1899 இல் வில்லியம் ஜில்லெற்றின் நாடகத்தால் பரவியது. சந்தையும் அரங்கும் வழங்கிய உருவத்தையே வாசகர் தமது கற்பனையெனக் கொண்டனர்.

இங்கு உருவம் வெளியிலிருந்து கண்முன் வைக்கப்பட்டது. படம் இல்லாதவிடத்து நிகழ்வது யாது? சுசான் கொலின்ஸ் 2008 இல் வெளியிட்ட 'த ஹங்கர் கேம்ஸ்' நாவலில் வரும் ரூ என்னும் சிறுமி கரும்பழுப்பு நிறத்தவள் என வெளிப்படையாகவே கூறப்படுகிறது. 2012 இல் வெளியான திரைப்படத்தில் கறுப்பினத்தவரான அமண்ட்லா ஸ்டென்பேர்க் அப்பாத்திரத்தை ஏற்றபோது, அமெரிக்க இரசிகர் சிலர் இணையத்திலே சினந்தனர். அவள் கறுப்பினத்தவள் என அறிந்ததும் அவளது மரணத்தின் துயரம் குறைந்துவிட்டது என்ற பொருள்படவும் எழுதப்பட்டது.

இதனைக் கவனக்குறைவான வாசிப்பு என ஒதுக்குதல் பொருந்தாது. வெண்மையை மனிதரின் பொதுநிலையாகவும், களங்கமின்மையின் அடையாளமாகவும் கொள்ளும் சமுதாயத்திலே, அச்சிட்ட சொல்லையும் மீறிக் கருத்துநிலை உருவத்தைத் தீட்டிவிடுகிறது. யாருக்காக அழலாம் என்பதும் அதனால் நிர்ணயிக்கப்படுகிறது.

எனினும், வாசகர் இதற்கு முற்றாகக் கட்டுண்டவரல்லர். நாவலின் சொற்களையே சான்றாகக் காட்டி அக்கூற்றுகளை மறுத்தவர்களும் இரசிகர்களே. தனியுள்ளத்தில் மறைந்திருந்த மனக்காட்சி பொதுவிவாதத்துக்கு வந்தமை இணையம் தந்த புதிய வாய்ப்பாகும். சமூகத்தால் ஆக்கப்பட்டது சமூகத்தால் மாற்றப்படவும் கூடியது. ஆகவே, பிரதியை மட்டுமன்றி, வாசகர் அதில் எதனைக் கண்டனர், எதனைக் காண மறுத்தனர் என்பதையும் ஆராய்வது முற்போக்குத் திறனாய்வின் கடமையாகும்.