மேகத்துக்கு அடியில் ஒரு தோட்டம்

செனாவாங் தமிழ்ப்பள்ளியின் பெயரில் ‘லாடாங்’ இன்னும் இருக்கிறது. சுற்றிலும் பார்த்தால் தாமான்கள், தொழிற்பேட்டை, ஹைவே. பெயரில் மட்டும் தோட்டத்தை வைத்திருக்கும் பள்ளிகள் நாடு முழுக்க உண்டு, அதனால் சிரம்பான்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் செனாவாங்கில் இன்னொன்றும் நடந்தது. ரப்பர் வட்டாரமாக இருந்த இங்கே மோட்டோரோலாவின் செமிகண்டக்டர் ஆலை வந்தது. 1999இல் அந்தப் பிரிவு தனியாகி ஆன் செமிகண்டக்டர் ஆனது. டேட்டா சென்டர்களில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிப்புகளும் அந்த நிறுவனத்தின் வியாபாரம்தான். அம்மா பால் வெட்டினாள், மகள் ஃபேக்டரி பஸ் ஏறினாள் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். கதை அதைவிட நீளமானது.

‘எல்லாம் கிளவுட்ல இருக்கு’ என்கிறோம். கிளவுட் வந்ததும் சர்வர் ஒழிந்துவிடவில்லை. நம் ஆபீஸ் மூலையிலிருந்து கிளம்பி, வேறு யாரோ கட்டிய ஜன்னலில்லாத கட்டடத்துக்குக் குடிபோனது, அவ்வளவுதான். அந்தக் கட்டடத்துக்கு நிலம் வேண்டும், இடைவிடாத மின்சாரம் வேண்டும், சூட்டைத் தணிக்கத் தண்ணீர் வேண்டும், கடலுக்கடியில் கேபிள் வேண்டும்.

கேபிள் என்றால் இந்த மண்ணுக்குப் பழைய பழக்கம். கடலுக்கடியில் தந்திக் கம்பி போட முயன்றபோது உப்புத் தண்ணீர் உள்ளே புகாமல் காக்க ஒரு பொருள் தேவைப்பட்டது. அதற்கு மலாய்க் காடுகளில் கிடைத்த கெத்தா பெர்ச்சா என்ற மரப்பால் உதவியது. 1840களில் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு மாதிரி போனது. 1866இல் அட்லாண்டிக்கைக் கடந்து நிலைத்த கேபிள் இந்தப் பாலைப் போர்த்திக்கொண்டுதான் படுத்திருந்தது. பால்மரம் போல இதைச் சீவி எடுக்க மாட்டார்கள். மரத்தையே வெட்டிச் சாய்ப்பார்கள். உலகம் தந்தியில் பேசத் தொடங்கிய சில பத்தாண்டுகளில் காடு காலியானது.

1871 தொடக்கத்தில் மெட்ராஸ், பினாங்கு, சிங்கப்பூர் மூன்றையும் இணைக்கும் கேபிள் வேலைக்கு வந்தது. நம் ஆட்கள் கப்பலேறி வந்த அதே கடல். ரஜூலா மெட்ராசிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிப் பினாங்கில் இறக்க நாள்கணக்கில் ஆகும். தந்திக்குச் சில மணிநேரம் போதும். 1910 ஏப்ரலில் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. துரைமார் அதைத் தந்தியில் படித்தார்கள். விடிகாலையில் பெரட்டுக்கு நின்றவர்களிடம் யார் சொல்வது? 1930களில் விலை சரிந்தபோது அந்தச் செய்தி அவர்களுக்கும் கிடைத்தது: கூலிக் குறைப்பாக, ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஊர் திரும்பும் கப்பலாக.

தோட்டத்துக்கும் ஒரு சர்வர் இருந்தது. கிராணியின் செக்ரோல். யார் வந்தது, யார் வரவில்லை, எத்தனை ராத்தல் பால், எவ்வளவு பிடித்தம், எல்லாம் அதில் உண்டு. யாருடைய உழைப்பு அதில் எழுதப்பட்டதோ அவர்கள் அதைத் திறந்து பார்க்க முடியாது. இன்றைய கிளவுட்டைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது நிலத்துக்கு வருவோம். 2019இல் சிங்கப்பூர் புதிய டேட்டா சென்டர்களை நிறுத்திவைத்ததும் கம்பெனிகளின் பார்வை ஜொகூர்ப் பக்கம் திரும்பியது. கூலாய், செடெனாக் வட்டாரச் செம்பனை நிலங்களில் கட்டடங்கள் எழுந்தன. 2024 மே மாதம் கூகுள் 200 கோடி அமெரிக்க டாலர் முதலீட்டை அறிவித்தது. அதன் டேட்டா சென்டருக்கான இடம் சிலாங்கூரில் சைம் டார்பியின் எல்மினா. அதுவும் ஒரு காலத்துத் தோட்டம். அதே ஆண்டு டிசம்பரில் கமுடா, நம் போர்ட்டிக்சன் பக்கம், டேட்டா சென்டருக்கென்று 389 ஏக்கர் நிலத்தை 42 கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்குவதாகச் சொன்னது.

ஏன் தோட்ட நிலம்? மின்சாரமும் ரோடும் ஒரு காரணம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நூற்றுக்கணக்கான ஏக்கர், ஒரே உரிமையாளர், ஒரே கையெழுத்து. வீடுவீடாகப் போய்ப் பேரம் பேச வேண்டியதில்லை. அப்படியொரு நிலம் தானாக உண்டாகாது. நூறு வருஷத்துக்கு முன் காலனி அரசு காட்டைப் பெரும் துண்டுகளாகக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. லயத்தில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்தும் ஓர் அடி மண்ணும் தொழிலாளி பெயரில் எழுதப்படவில்லை. தோட்டம் கைமாறினால் வேலையோடு வீடும் போகும். பத்திரத்தில் பேர் இல்லாத சனம் என்பதால் நிலம் ‘காலி’யாகவே கைமாறியது.

டேட்டா சென்டர் அறிவிப்புகளில் எத்தனை மெகாவாட், எத்தனை கோடி என்று வரும். அங்கே முன்பு யார் குடியிருந்தார்கள் என்று ஒரு வரி வராது. அந்த வரி பள்ளி ஆண்டு மலர்களிலும், கோயில் வரவுசெலவு நோட்டுகளிலும், அரிசிப் பையில் சுற்றி அலமாரி மேல் வைத்த கல்யாண போட்டோக்களிலும் கிடக்கிறது. கரையான் அரிப்பதற்குள் பேரப்பிள்ளைகள் சிலர் அவற்றைப் போனில் படம்பிடித்து கூகுள் டிரைவில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே இலவச இடம் 15 ஜிபி.