குடைத் திருடன்

சிபில் வெத்தசிங்க 1956-இல் வெளியிட்ட 'குட ஹொரா' என்னும் சிங்களச் சித்திரக் கதைநூலைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். மொழி நாட்டைப் பிரித்த ஆண்டில் பிறந்த இந்நூலின் தலைப்பில் பாதியைத் தமிழ்ப் பிள்ளைக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. குடை இரு மொழியிலும் குடைதான். நாயகர் கிரி மாமாவும் இரு மொழியிலும் மாமாதான். ஹொரா என்றால் திருடன்.

காலியை அடுத்த கிந்தோட்டையில் பிறந்த சிபில், என்னைப் போலவே பத்திரிகைத் தொழிலில் வளர்ந்தவர். நாளிதழ்களுக்குச் சித்திரம் வரைந்தவர். 2020 ஜூலையில் மறைந்தார்.

கதை எளியது. குடையையே அறியாத ஊர். நகரத்துக்குப் போன கிரி மாமா ஒரு குடை வாங்கி வருகிறார். அது களவு போகிறது. மீண்டும் வாங்குகிறார்; மீண்டும் போகிறது. கடைசியில் குடைக்குள் காகிதத் துண்டுகளை இட்டு வைக்கிறார். அவை சிந்திய வழியே போனால், ஒரு மரத்தில் குடைகள் தொங்குகின்றன! திருடன் மனிதனல்லன், குரங்கு.

மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் வழியில் உள்ளது கட்டைபறிச்சான். 2006 போரில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் பல ஆண்டுகள் அங்கு முகாமில் வாழ்ந்தனர். 2015, 2016-ஆம் ஆண்டுகளில்தான் காணிகள் விடுவிக்கப்பட்டன. அம்முகாம் நாள்களில் ஒருமுறை இந்நூலை எடுத்துச் சென்றேன். படங்களைக் காட்டி, கதையைத் தமிழில் சொன்னேன். குரங்கைக் கண்டதும் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

ஒரு சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. "ஏன் ஐயா, கிரி மாமா ஊரிலை ஒருத்தரையும் பிடிச்சு விசாரிக்கேல்லையா?" என்று கேட்டாள்.

நான் திகைத்துப் போனேன். அடையாள அட்டையைக் காட்டிக் காட்டியே வளர்ந்த தலைமுறை அது. யாரோ செய்ததற்கு யாரையோ பிடிப்பதே அவள் அறிந்த முறை. கிரி மாமாவோ அயலவரைச் சந்தேகித்துக் கைநீட்டவில்லை. காகிதத் துண்டுகள் காட்டிய தடத்தையே நம்பினார். அரை நூற்றாண்டாகப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்த இக்கதைக்குள் அப்படியொரு நீதி இருப்பதை, பத்திரிகையாளனான நான் அன்றுவரை கவனித்ததில்லை.

"இல்லை மகள், விசாரிக்கவில்லை" என்றேன். சற்று யோசித்தவள், "நல்ல மாமா" என்றாள். பிறகு குரங்கின் படத்தை இன்னொரு தரம் காட்டச் சொன்னாள்.