அதிகாலை மூன்று மணிக் குறுஞ்செய்தி

2008 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒபாமா அணி ஒரு வாக்குறுதி தந்தது. கைப்பேசி எண்ணைப் பதிவு செய்யும் ஆதரவாளர்களுக்கே துணை அதிபர் வேட்பாளரின் பெயர் முதலில் சொல்லப்படும் என்பதே அது. பலரும் எண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தனர். ஆகஸ்ட் 23 அதிகாலை 3 மணியளவில் செய்தி வந்தது. அதற்குள் ஜோ பைடன் பெயரைத் தொலைக்காட்சிகள் சொல்லி முடித்திருந்தன!

ஏமாந்தது ஆதரவாளர், எண்களோ அணியிடமே இருந்தன. 2012இல் நிதி கேட்டு மின்னஞ்சல்கள் குவிந்தன. வணிக மின்னஞ்சல்களை நெறிப்படுத்த 2003இல் வந்த சட்டம் அரசியல் மின்னஞ்சல்களைக் கட்டுப்படுத்தவில்லை. சட்டம் இயற்றியவர்களும் வேட்பாளர்கள்தானே! பேச அழைக்கப்பட்ட ஆதரவாளர், இறுதியில் பட்டியலில் ஒரு முகவரியாகவே மிஞ்சினார்.