எரிந்த வீட்டுக்கு ஈடு செய்வோர் யார்?

தீ காட்டிலும் மூளும், நகரிலும் மூளும். ஒன்று கோடையின் வெம்மையால் எழுவது. மற்றொன்று மனிதரின் பகைமையால் எழுவது. மூண்ட விதம் எதுவாயினும், வீடிழந்தவரின் தேவை ஒன்றே. அன்றிரவு தங்க ஓர் இடம் வேண்டும். மறுநாள் உண்ண உணவு வேண்டும். அதன்பின் எஞ்சிய வாழ்நாளுக்கு ஒரு கூரை வேண்டும். முதலிரண்டையும் அயலாரின் இரக்கம் தந்துவிடும். மூன்றாவதைத் தருவதற்கு அரசாங்கத்தின் திறைசேரி திறக்கப்பட வேண்டும். அது யாருடைய பணத்தால், எந்த நிபந்தனையோடு, எவ்வளவு காலத்தின் பின் திறக்கப்பட்டது என்பதைக் கொழும்பு மாநகரின் வரலாற்றிலிருந்து இங்கு சிறிது நோக்குவோம்.

1915 ஆம் ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் தினத்தையொட்டிக் கண்டியில் மூண்ட கலகம் சில நாட்களுள் கொழும்புக்கும் பரவிற்று. சோனகரின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாடெங்கும் 4,000க்கு மேற்பட்ட கடைகள் கொள்ளையிடப்பட்டன. ஜூன் 2 ஆந் தேதி இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. கலகம் அடங்கியதும், கடையிழந்தோருக்கு நட்டஈடு வழங்கும் பொருட்டு அவ்வாண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது.

அப்பணம் எங்கிருந்து வந்தது? கலகம் நிகழ்ந்த பகுதிகளில் வாழ்ந்த சிங்கள மக்களிடமிருந்தே அறவிடப்பட்டது. கொள்ளையிட்டவனும், அதைத் தடுக்க முயன்றவனும், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நடுங்கியிருந்தவனும் ஒரே தட்டில் நிறுத்தப்பட்டனர். அக்காலத்து அரசாங்கத்தின் நடவடிக்கைகளைப் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையில் வன்மையாகக் கண்டித்தார். 1916 இல் இலண்டனில் அதுபற்றி நூலொன்றும் வெளியிட்டார். கடையிழந்தவருக்கு ஈடு கிடைக்கவேண்டியது நியாயமே. எனினும், அயலானைத் தண்டித்துப் பெற்ற பணம் கடையைக் கட்டித் தரலாம். அயலைக் கட்டித் தராது.

இனி, நம் காலத்தவர் பலரின் நினைவில் இன்றும் ஆறாதிருக்கும் 1983 ஆம் ஆண்டுக்கு வருவோம். ஜூலை 23 ஆந் தேதியிரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 படைவீரர் கொல்லப்பட்டனர். மறுநாளிரவு பொரளையில் தொடங்கிய வன்செயல் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை எனத் தமிழர் வாழ்ந்த பகுதிகளெங்கும் பரந்தது. காலி வீதியின் இரு மருங்கிலும் கடைகள் எரிந்தன. கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளில் வீடுகள் எரிந்தன. ஏறத்தாழ 8,000 வீடுகளும் 5,000 கடைகளும் அழிந்தனவென்று பரவலாக மதிப்பிடப்படுகிறது. பல்லாயிரவர் இரத்மலானை விமானத் தளத்திலும் பாடசாலைகளிலும் அமைந்த அகதி முகாம்களில் தஞ்சமடைந்தனர். பலர் கப்பலேறிக் காங்கேசன்துறை சேர்ந்தனர்.

அரசாங்கம் செய்தது யாது? ஆதனங்களுக்கும் கைத்தொழில்களுக்குமான புனர்வாழ்வு அதிகாரசபையொன்றை நிறுவிற்று. அவசரகால ஒழுங்குவிதிகளின்படி, சேதமுற்ற ஆதனங்கள் யாவும் அவ்வதிகாரசபைக்கு உரியனவாயின. அச்சத்தால் ஓடியவரின் காணியை அற்ப விலைக்கு வாங்குவோரையும், வெறுமனே புகுந்து குடியேறுவோரையும் தடுப்பதற்கே இவ்வேற்பாடு என்று காரணங் கூறப்பட்டது. அக்காரணத்தைப் பொருளற்றதென்று தள்ளிவிட இயலாது. ஆயினும், முகாமில் மாற்றுடையின்றி இருந்த ஒரு குடும்பத்தலைவரின் செவிக்கு அது எவ்வாறு ஒலித்திருக்கும்? வீடு எரிந்தது, எரிந்த நிலமும் இப்போது அரசாங்கத்துடையது, அதை விண்ணப்பித்து மீளப் பெறவேண்டும் என்றல்லவா ஒலித்திருக்கும்!

விண்ணப்பத்துக்கு ஆதாரம் வேண்டும். காணி உறுதி, வரி செலுத்திய பற்றுச்சீட்டு, வியாபாரக் கணக்கேடு ஆகிய அனைத்தும் வீட்டோடும் கடையோடும் சேர்ந்தே எரிந்தன. வன்செயலாளர் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தனர் என்பது பலரும் எடுத்துரைத்த செய்தி. எரிக்க வந்தவருக்கு இவ்வீடு இன்னாருடையது என்பது தெரிந்திருந்தது. ஈடு கேட்டு வந்தபோதோ, வீட்டுக்காரர் அதை நிரூபிக்க வேண்டியவரானார்.

மற்றுமொன்று கருதத்தக்கது. வெள்ளவத்தையில் எரிந்தவை சொந்த வீடுகள் மாத்திரமல்ல. ஓர் அறையை வாடகைக்கெடுத்து வாழ்ந்த எழுதுவினைஞரும் ஆசிரியரும் அங்கு பலர். அவர்கள் இழந்தவை ஒரு கட்டிலும், சில புத்தகங்களும், மகளுக்கெனச் சேர்த்த நகையும். அவை எந்தக் காணி உறுதியிலும் எழுதப்படாத ஆதனங்கள். 1983 இல் அமைந்த அதிகாரசபையின் பெயரில் ஆதனமும் கைத்தொழிலும் இருந்தன, ஆட்கள் இல்லை. 1987 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்திலேதான் 'ஆட்கள்' என்ற சொல் அப்பெயரின் முன்னால் வந்து சேர்ந்தது. மனிதன் பெயர்ப்பலகையில் ஏறுவதற்கு நான்கு ஆண்டுகள் சென்றன.

2001 ஆம் ஆண்டில், முன்னாட் பிரதம நீதியரசர் சர்வானந்தாவின் தலைமையில் உண்மை அறியும் ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. 2004 ஜூலையில் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அரசின் சார்பில் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். பாதிக்கப்பட்டோருள் 900க்கு மேற்பட்டோருக்கு நட்டஈடும் வழங்கப்பட்டது. பல்லாயிரவரின் இழப்பின் முன் அத்தொகை சிறிது. ஆயினும் பணத்தோடு ஒரு சொல்லும் வந்தது. அச்சொல் வருவதற்கு இருபத்தொரு ஆண்டுகள் சென்றன. முகாமில் பத்து வயதுப் பிள்ளையாய் இருந்தவருக்கு அப்போது வயது முப்பத்தொன்று. 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இழப்பீடுகளுக்கான அலுவலகம் நிறுவப்பட்டது.

இனிக் காட்டுத்தீயின் பக்கம் திரும்புவோம். நம்மவர் பலர் குடியேறி வாழும் அவுஸ்திரேலியாவில், 2019 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து 2020 இன் தொடக்கம் வரை பெருந்தீ எரிந்தது. 33 பேர் மாண்டனர். 3,000க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. 2020 ஜனவரியில், தீ அணையுமுன்னரே, மத்திய அரசாங்கம் 200 கோடி டொலர் நிதியொன்றை அறிவித்தது. பாதிக்கப்பட்ட பகுதிகளின் உள்ளூராட்சிச் சபைகளின் கையிலும் பணம் கொடுத்தது. அங்கும் குறைகள் எழுந்தன. ஒவ்வொரு காரியாலயத்திலும் தம் துயரக்கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்ததே மக்களின் முறையீடுகளுள் ஒன்று. ஆகவே, அரசாங்கக் காரியாலயங்கள் பாதிக்கப்பட்டோரின் விவரங்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டுமென அவ்வாண்டு அறிக்கையளித்த அரச ஆணைக்குழு விதந்துரைத்தது.

செல்வம் மிக்க நாட்டிலும், சிறிய நம் தீவிலும், இயற்கைத் தீயிலும், மனிதர் இட்ட தீயிலும் எழும் கேள்வி இவ்வாறு ஒன்றாகவே இருக்கக் காண்கின்றோம். திறைசேரியின் பணம் பிச்சையன்று. மக்கள் வரியாகச் செலுத்தியது துன்பக்காலத்தில் அவர்களிடமே திரும்புவதாகும். அது அயலானைத் தண்டித்து வருதல் ஆகாது. உரியவரின் உரிமையைப் பறித்து வருதலும் ஆகாது. காணி உறுதி எரிந்து போனால், அதன் பிரதி அரசாங்கத்தின் காணிப் பதிவகத்திலும், குடியிருந்தோரின் பெயர் வாக்காளர் பட்டியலிலும் இருக்கின்றன. தேடிப் பார்க்கவேண்டிய கடமை சாம்பலின்மேல் நிற்பவருடையதன்று. ஏடுகளைக் காத்து வைத்திருப்பவருடையதே.