நாமினியும் உயிலும்: ஒரு நண்பனின் இரண்டு காகிதங்கள்

திருப்பதியில் என் நண்பன் காலமாகி, கருமாதி முடிந்த மறுநாள். அவன் தங்கை பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு வங்கிப் பாஸ்புக்கை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். பிளாஸ்டிக் உறை பழுப்பேறியிருந்தது. முதல் பக்கத்தில் நாமினி என்ற வரிக்கு எதிரே என் பெயர். இனிஷியல் தவறு, ஆனால் அது நான்தான். "உங்களுக்குன்னுதான் வெச்சிருக்கான் போல இருக்குண்ணா" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை.

நாங்கள் இருவரும் சித்தூரில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். நான் தமிழ், அவன் தெலுங்கு. அவன் மணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுபெற்றதும் திருப்பதிக்குக் குடிபோனான். எழுபது கிலோமீட்டர் தூரத்தை மாதம் ஒருமுறையாவது பஸ்ஸில் கடந்துவிடுவோம், யாராவது ஒருவர். அப்படி வந்த ஒருநாள், "எல்லாத்தையும் எழுதி வெச்சிட்டேன்" என்று சொன்னான். எதை, எங்கே, யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நண்பனிடம் அதைக் கேட்பது அவன் சாவைப் பற்றிக் கேட்பதாகிவிடும் என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும்.

இந்தியச் சட்டத்தில் நண்பனுக்கு இடம் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பிள்ளைகளில் தொடங்கி உடன்பிறந்தோர், அவர்கள் பிள்ளைகள், தூரத்துத் தாயாதிகள் வரை வரிசையாகப் போகிறது. அந்த வரிசையில் ஒருவருமே இல்லாவிட்டால் சொத்து அரசுக்குப் போகும். நாற்பது வருடம் கூடவே இருந்த நண்பனுக்குப் போகாது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்தபின் உயில் எதுவும் வெளிவரவில்லை. 2020 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் அண்ணன் பிள்ளைகளான தீபாவையும் தீபக்கையும் வாரிசுகள் என்று தீர்மானித்தது. அவர் வீடான வேதா நிலையத்தில் பல ஆண்டுகள் உடனிருந்த தோழி சசிகலாவுக்கு வாரிசு என்ற வகையில் கேட்க எதுவும் இல்லை. தோழமையின் ஆழத்தைச் சட்டம் அளப்பதில்லை. காகிதம் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் ரத்தன் டாடாவின் உயில். 2022 பிப்ரவரி 23 தேதியிட்டது. 2024 அக்டோபர் 9 அன்று அவர் மறைந்தபின் அது வெளியே வந்தபோது, ஜாம்ஷெட்பூரில் 1960களில் அறிமுகமான மோகினி மோகன் தத்தா என்ற நண்பருக்கு மீதிச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு எழுதப்பட்டிருந்தது நாட்டையே வியக்கவைத்தது. இரத்த உறவு எதுவும் இல்லாதவர். ஆனால் காகிதம் இருந்தது.

ஆக, நண்பனுக்கு வழி காகிதம்தான். அந்தக் காகிதம் சாதாரண வீடுகளில் இரண்டு வடிவில் கிடைக்கிறது: நாமினேஷன், உயில். மக்கள் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். வங்கிக் கவுண்டரில் இருந்த இளைஞரும் அப்படித்தான் சொன்னார்: "நாமினி நீங்கதானே சார், பணம் உங்களுதுதான்." நல்ல எண்ணத்தில் சொன்னார். பாதிதான் சரி.

முதல் காகிதத்தைப் பார்ப்போம். வங்கியில் நாமினி பெயர் கொடுத்துவிட்டு ஒருவர் இறந்தால், இறப்புச் சான்றிதழும் அடையாள ஆவணமும் கொண்டுபோகும் நாமினியிடம் வங்கி பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். வாரிசுச் சான்று கொண்டா, கோர்ட் ஆர்டர் கொண்டா என்று அலைக்கழிக்கக் கூடாது. எல்லாக் காகிதமும் கொடுத்தபின் 15 நாளில் முடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45ZA பிரிவு இதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பிரிவின் முடிவில் இன்னொரு வரி உண்டு: பணத்தைப் பெற்றுக்கொண்டவர்மீது வேறு யாருக்காவது உரிமை இருந்தால் அது அப்படியே நிற்கும். அதாவது நாமினியிடம் கொடுத்ததோடு வங்கி தன் பொறுப்பிலிருந்து விடுபட்டது. நாமினி விடுபடவில்லை.

உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. 1983இல் சர்பதி தேவி வழக்கில் இன்சூரன்ஸ் பாலிசியைப் பற்றிச் சொன்னது. 2010இல் தல்வார் வழக்கில் வங்கிக் கணக்கைப் பற்றி. 2023 டிசம்பரில் சக்தி எஸ்தானி வழக்கில் கம்பெனிப் பங்குகளைப் பற்றி. மூன்றிலும் சாரம் ஒன்றே: நாமினி பணத்தை வாங்கும் கை, உடையவர் வாரிசோ உயில் பெற்றவரோதான். 2015இல் இன்சூரன்ஸ் சட்டம் திருத்தப்பட்டு, நாமினியே உடையவராகவும் ஆகலாம் என்று ஒரு வகை வந்தது. அது பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகளுக்கு மட்டும். நண்பனுக்கு இல்லை. பி.எஃப். பணத்தில் இன்னும் கண்டிப்பு: குடும்பம் இருக்கும் உறுப்பினர் வெளியாளை நாமினியாகப் போட்டால் அது செல்லாது.

இரண்டாவது காகிதம் உயில். உடைமையையே மாற்றுவது அதுதான். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவரின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் போதும். இந்த எளிமைதான் அதன் பலம், தேடுகிறவருக்கு அதுவேதான் சிரமம். நாமினேஷன் கணக்கு இருக்கும் வங்கியில்தான் இருக்கும், வேறெங்கும் போகாது. உயில் பீரோவில் இருக்கலாம், தலையணை உறையில் இருக்கலாம், வக்கீலிடம் இருக்கலாம், சாட்சி போட்டவர் வீட்டுப் பரணில் இருக்கலாம்.

நாங்கள் தேடத் தொடங்கியபோது தங்கை மகன் போனிலேயே ஈசி போட்டுப் பார்த்துவிட்டான். ஈசி என்றால் வில்லங்கச் சான்று. அதில் நண்பன் வீட்டை வாங்கிய பதிவு மட்டும் இருந்தது. "மாமா ஒண்ணும் எழுதல" என்று முடிவுகட்டினான். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர்தான் சிரித்துக்கொண்டே திருத்தினார்: "ஈசியில வீலுநாமா வராது சார். அது மூணாம் புஸ்தகம்." வீலுநாமா என்றால் தெலுங்கில் உயில்.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் பதிவுச் சட்டத்தின் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி கிரயம், செட்டில்மெண்ட், அடமானம் போன்றவை முதல் புத்தகத்தில் ஏறுகின்றன. அதையும் அதன் அட்டவணையையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வில்லங்கச் சான்று அதிலிருந்து வருவது. உயிலுக்குத் தனியாக மூன்றாம் புத்தகம். எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அதன் நகல் அவருக்கோ அவருடைய ஏஜென்டுக்கோ மட்டும்தான் கிடைக்கும். அவர் இறந்தபின், 57ஆம் பிரிவின்படி, விண்ணப்பிக்கும் எவரும் நகல் வாங்கலாம். மகனாக இருக்க வேண்டியதில்லை. நண்பனாகவும் இருக்க வேண்டியதில்லை. இறப்புச் சான்றிதழும் கட்டணமும் போதும். நண்பனை வாரிசு வரிசையில் சேர்க்காத சட்டம், இந்த ஒரு கவுண்டரில் அவனை மற்றவர்களுக்குச் சமமாக நிறுத்துகிறது. இதை அறிந்தபோது எனக்கு உண்மையில் ஆறுதலாக இருந்தது.

வங்கி இதற்கு நேர்மாறு. கணக்கில் பெயர் இல்லாதவருக்கு அது வாய் திறக்காது. பாஸ்புக்கில் பெயர் அச்சாகியிருந்ததால் எனக்குத் தெரிந்தது. இல்லையென்றால் இறப்புச் சான்றிதழோடு ஒவ்வொரு கிளையாகப் போய், நாமினி யாரென்று நீங்களே பார்த்து அவரிடம் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் தளத்தில் பெயரும் பான் எண்ணோ பிறந்த தேதியோ கொடுத்துத் தேடலாம் என்று பலரும் சொன்னார்கள். அது பத்து வருடமாக யாரும் தொடாத டெபாசிட்டுக்கு. போன மாதம் இறந்தவரின் கணக்கு அதில் வராது.

உயிலை எந்த ஆபீஸில் தேடுவது என்பதும் தலைவலிதான். வீட்டுக் கிரயம் என்றால் பொதுவாக அந்த வீடு இருக்கும் எல்லைக்கு உட்பட்ட ஆபீஸில் பதிய வேண்டும். உயிலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மாநிலத்தில் எந்த சப்-ரிஜிஸ்ட்ராரிடமும் பதியலாம். உறையில் போட்டு அரக்கு வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழி உண்டு. இறந்தபின் விண்ணப்பித்தால், விண்ணப்பித்தவர் முன்னிலையிலேயே பிரித்து மூன்றாம் புத்தகத்தில் படியெடுப்பார்கள். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது. அதற்கு முன் எழுதியவர்கள் பழைய சித்தூர் மாவட்டத்துக்காரர்கள். வேலை பார்த்த ஊர், குடியிருந்த ஊர், வக்கீல் இருந்த ஊர் என்று மூன்றிலும் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு எல்லையும் குறுக்கிடும். சித்தூர் 1911 வரை வட ஆர்க்காட்டின் தலைநகர். 1953இல் ஆந்திரத்தோடு போனது. திருத்தணி 1960இல் மதராஸோடு சேர்ந்தது. இங்குள்ள குடும்பங்களுக்கு ஒரு கால் சித்தூரில் என்றால் இன்னொரு கால் சென்னையில். சென்னை நகரத்துக்குள் எழுதிய இந்து உயிலுக்கும், அங்குள்ள வீட்டைப் பற்றிய உயிலுக்கும் புரொபேட், அதாவது உயில் மெய்யென்று கோர்ட் தரும் சான்று, வாங்காமல் கோர்ட்டில் உரிமை கேட்க முடியாது என்று 1925ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்தில் 213ஆம் பிரிவு இருந்தது. சித்தூர் உயிலுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. பழைய பழக்கத்தில் இன்றும் சிலர் சித்தூர் உயிலுக்குப் புரொபேட் கேட்டு மிரட்டுகிறார்கள். மிரள வேண்டியதில்லை.

ஆனால் உயில் கிடைத்துவிட்டால் நண்பனின் கவலை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. பதிவானது என்பதற்காக ஒரு உயில் மேலானதாகிவிடாது. அதற்குப் பிறகு வெள்ளைத்தாளில் முறைப்படி எழுதிய ஒன்று இருந்தால் அதுதான் செல்லும். குடும்பத்தை ஒதுக்கிவிட்டு வெளியாளுக்கு எழுதிய உயிலை நீதிமன்றம் கூர்ந்து பார்க்கும். 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இன்றும் நிற்கிறது: உயிலால் பெரும்பயன் பெறுகிறவரே அதை எழுதும் ஏற்பாட்டில் முன்னின்றிருந்தால், சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு அவர் தலையில். எனவே நண்பனுக்கு எழுத நினைப்பவர், அந்த நண்பனை உடன் அழைத்துப் போகாமல் இருப்பதே நல்லது. என் நண்பன் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

காகிதம் எதுவுமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் திருப்பதி கண்ணால் கண்டிருக்கிறது. திருமலையில் யாசித்து வாழ்ந்த ஒரு முதியவர் இறந்து சுமார் ஒரு வருடம் கழித்து, 2021 மே மாதம், அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்த வீட்டைத் தேவஸ்தான அதிகாரிகள் திறந்தார்கள். பெட்டிகளில் லட்சக்கணக்கில் ரூபாய் இருந்தது. உரிமை கேட்க வாரிசு யாரும் இல்லாததால் பணம் தேவஸ்தானத்திடம் போனது. அவருக்குத் தினமும் டீ வாங்கிக் கொடுத்த ஒருவர் இருந்திருப்பார், காய்ச்சலில் கஞ்சி கொடுத்த ஒருத்தி இருந்திருப்பாள். அவர்கள் யார் என்று சொல்ல ஒரு வரி எழுதப்படவில்லை.

எங்கள் தேடல் சித்தூரில் முடிந்தது. நான் குடியிருக்கும் ஊரிலேயே, நான் தினமும் கடந்துபோகும் ஆபீஸில், பதிவு செய்துவிட்டு என் வீட்டுக்கு வராமல் திருப்பதிக்குப் பஸ் ஏறியிருக்கிறான். நகல் மூன்று பக்கம், தெலுங்கில். எனக்குத் தெலுங்கு எழுத்து கற்றுக்கொடுத்தவனே அவன்தான். கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

வீடு தங்கை மகனுக்கு. வங்கி டெபாசிட் முழுவதும் தங்கைக்கு. புத்தகங்கள் எனக்கு. கடைசிப் பத்தியில் உயிலை நிறைவேற்ற வேண்டியவன் என்று என் பெயர், இந்தமுறை இனிஷியல் சரியாக.

அப்போதுதான் பாஸ்புக் புரிந்தது. தங்கை வங்கிப் படியேறப் பயப்படுகிறவள். படிவம் என்றாலே கை நடுங்கும். பணம் அவளுக்கு என்று உயிலில் எழுதினான், அதை வங்கியிலிருந்து வாங்கிவரும் வேலையை நாமினி வரியில் எனக்கு எழுதினான். இரண்டு காகிதமும் ஒன்றுக்கொன்று முரண் என்று மூன்று வாரம் குழம்பினோம். பாஸ்புக்கை மட்டும் பார்த்திருந்தால் அந்தப் பணத்தை என்னுடையதென்று நினைத்துச் செலவழித்திருப்பேன். உயிலை மட்டும் பார்த்திருந்தால் அவளை எத்தனை கவுண்டருக்கு இழுத்திருப்போமோ.

பணம் என் கணக்கில் ஏறிய அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவள் கணக்குக்கு மாற்றினேன். மாற்றல் படிவத்தில் காரணம் எழுதும் இடம் ஒன்று இருந்தது. கவுண்டர் இளைஞர், "சும்மா ஃபேமிலின்னு போடுங்க சார்" என்றார். போட்டேன். அவள் ரசீதை இரண்டாக மடித்து, அதே பழுப்பேறிய உறைக்குள் வைத்துக்கொண்டு, "புஸ்தகமெல்லாம் எப்ப எடுத்துட்டுப் போறீங்கண்ணா?" என்று கேட்டாள்.