வாக்கும் வாக்குறுதியும்

தமிழில் 'வாக்கு' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வாயினின்று பிறக்கும் சொல்லும் வாக்கு. பெட்டியில் விழும் சீட்டும் வாக்கு. முன்னது ஆள வருவோர் மக்களுக்குக் கொடுப்பது. பின்னது மக்கள் அவர்களுக்குக் கொடுப்பது. இவ்விரண்டும் கைமாறுகின்ற நாளையே தேர்தல் என்கிறோம். கொடுத்த சொல் பொய்த்தால் அடுத்த முறை சீட்டு மாறி விழும் என்னும் அச்சம் ஒன்றே ஜனநாயகத்தில் ஆள்வோரின் நாவைக் கட்டும் கயிறு. அப்படியானால், சீட்டையே பறிகொடுத்த ஒரு மக்கட் கூட்டத்துக்குக் கொடுக்கப்படும் சொல்லுக்கு என்ன மதிப்பு? பறிகொடுத்த சீட்டு நாற்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கிடைத்தால், அந்தச் சொல்லுக்கு உயிர் வந்துவிடுமா? இவ்வினாக்களுக்கு விடை தேட நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மகாவலி ஆற்றங்கரையில் கிடக்கும் நாவலப்பிட்டியின் வரலாறே போதும்.

1874 இல் புகையிரதப் பாதை பேராதனையிலிருந்து நாவலப்பிட்டிக்கு வந்தது. அட்டனை அது எட்டியது 1884 இல். இடைப்பட்ட பத்தாண்டுகளும் மலைநாட்டின் வாசற்படி நாவலப்பிட்டிதான். அக்காலத்தில் கோப்பிப் பயிர் நோயால் அழிந்து தேயிலை தலையெடுத்தது. தமிழகத்துக் கிராமங்களிலே பஞ்சத்தில் வாடிய மக்களிடம், செடியின் அடியில் செல்வம் கிடக்கிறதென்று ஆசை காட்டி அழைத்து வந்தனர் கங்காணிமார். வந்தவர்கள் கண்டது செல்வத்தை அன்று, கடனை. அந்தக் கடனை எழுதிய 'துண்டு' என்னும் சீட்டோடு அவர்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாற்றப்பட்டார்கள். 1921 இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆகவே, மலையக மக்கள் முதன்முதலில் ஏமாந்த வாக்குறுதி எந்த அரசாங்கமும் கொடுத்ததன்று; ஆளைப் பிடிக்க வந்தவன் கொடுத்தது. பிறகு வந்தவர்கள் அந்தக் கலையை மேலும் நயமாகக் கையாண்டார்கள், அவ்வளவே.

1931 இல் டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ் இலங்கைக்குச் சர்வஜன வாக்குரிமை கிடைத்தது. தோட்டத் தொழிலாளருக்கு அது பல நிபந்தனைகளோடுதான் வந்தது. ஆயினும், அந்த ஒடுங்கிய வாயில் வழியாகவும் அவர்கள் உள்ளே நுழைந்தார்கள். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வெற்றி பெற்றது. அவற்றுள் ஒன்று நாவலப்பிட்டி; வென்றவர் கே. இராஜலிங்கம். நுவரெலியாவில் எஸ். தொண்டமானும், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்றார்கள். இவையன்றி வேறு பல தொகுதிகளிலும் தோட்ட மக்களின் வாக்குகள் இடதுசாரி அபேட்சகர்களின் வெற்றிக்குத் துணை நின்றன. காலையில் பிரட்டுக்களத்தில் கைகட்டி நின்றவன், ஒரு நாள் வாக்குச் சாவடியில் துரைக்குச் சமமாய் நின்றான். இதை ஆளும் வர்க்கம் எவ்வாறு பொறுக்கும்?

சுதந்திரம் வந்த அதே ஆண்டில், 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, தந்தை வழி முன்னோரோ இந்நாட்டில் பிறந்தமைக்குச் சான்று காட்டுமாறு அது கேட்டது. லயத்து இருட்டறையில் பிறந்து லயத்திலேயே மடிந்த தலைமுறைகளுக்குச் சான்று ஏது? 1949 இல் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து வாக்காளர் இடாப்பிலிருந்து பிரஜைகள் அல்லாதாரை நீக்கும் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தன. ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஒன்றரை இலட்சத்தையும் எட்டவில்லை. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. தொகுதிகளைப் பிரித்தபோது தோட்ட மக்களின் தலைகளும் எண்ணப்பட்டிருந்தன என்பதுதான் கொடுமையிலும் கொடுமை. ஆசனத்தின் கணக்குக்குத் தலை வேண்டும். வாக்குப் போடக் கை வேண்டாம்!

அதே 1952 ஆம் ஆண்டுத் தேர்தல், நாடு முழுவதும் மறவாத இன்னொரு வாக்குறுதியையும் தந்தது. ஒரு கொத்து அரிசி 25 சதத்துக்கே தொடர்ந்து கிடைக்கும் என்பது ஐக்கிய தேசியக் கட்சியின் உறுதிமொழி. மக்கள் நம்பினார்கள், கட்சி பெரும்பான்மையோடு வந்தது. கொரிய யுத்தத்தால் ஏறியிருந்த ஏற்றுமதி விலைகள் சரிந்து, திறைசேரி வற்றியது. 1953 ஜூலையில் 25 சத அரிசி 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நின்றது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் உயர்ந்தன. ஆகஸ்ட் 12 ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அறைகூவலை ஏற்று மக்கள் ஹர்த்தால் செய்தார்கள். குறிப்பாக மேற்கு, தெற்குக் கரையோரங்களில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, வீதிகள் மறிக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மந்திரிசபை, துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்ட்லாந்து' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் போய்க் கூடியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார்.

கொத்தரிசிக்குப் பணமில்லை என்ற அரசாங்கம், எட்டே மாதங்களில், 1954 ஏப்ரலில், பிரித்தானிய மகாராணியை வரவேற்கத் தோரணம் கட்டியது. கண்டியில் அவருக்கென விசேட பெரஹரா நடத்தியது. உண்மையில் பணம் இல்லாமற் போவதில்லை; யாருக்காகச் செலவிடுவது என்பதே வினா. ஒரு வரவு செலவுத் திட்டத்தை எண்களின் அட்டவணை என்று கருதுவோர் ஏமாறுவர். அது ஆள்வோரின் மனச்சாட்சியைத் தொகை போட்டுக் காட்டும் ஏடு.

ஆனால் நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. அரிசி விலையால் வெகுண்ட வாக்காளன் 1956 இல் அந்தக் கட்சியைத் தூக்கி எறிந்தான். எட்டு ஆசனங்களோடு அது ஒடுங்கியது. மொழிப் பிரச்சினையும் பிறவும் அத்தோல்விக்குக் காரணங்களே. ஆயினும் 1953 இன் கசப்பு அதில் கலந்திருந்தது. அந்தக் கசப்பு தோட்டத் தொழிலாளியின் நாவிலும் இருந்தது. அவனும் அதே கூப்பன் அரிசியையே உண்டான். ஆனால் தூக்கி எறிய அவன் கையில் ஒன்றும் இல்லை.

பிரித்தானிய வரலாற்றிலும் இதற்கு ஒப்பானதொரு பாடம் உண்டு. முதல் உலக யுத்தம் முடிந்ததும், போர்முனையிலிருந்து மீண்ட வீரர்க்குத் தகுந்த வீடுகள் கட்டித் தருவோமென்று லொயிட் ஜோர்ஜ் 1918 இல் முழங்கினார். 1919 இல் அடிசன் சட்டம் வந்தது. ஐந்து இலட்சம் வீடுகள் என்பது இலக்கு. 1921 இல் சிக்கனத்தின் பேரால் அத்திட்டம் வெட்டப்பட்டது. இலக்கில் பாதிகூட நிறைவேறவில்லை. ஆனால் 1918 இலேயே பிரித்தானியத் தொழிலாளிக்கு வாக்குரிமை விரிவாகக் கிடைத்திருந்தது. 1924 இல் முதல் தொழிற்கட்சி அரசாங்கம் அமைந்து, வீட்லி சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்கீழ் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அங்கே முறிந்த வாக்குறுதி வாக்குப் பெட்டி வழியாகத் திரும்பி வந்து கதவைத் தட்டியது. அந்தத் தொழிலாளி குடித்த தேநீருக்குக் கொழுந்து கிள்ளியவளோ பத்தடி லயத்து அறையில் கிடந்தாள்.

இடதுசாரி இயக்கத்தில் பற்றுடையோர் விழுங்கத் தயங்கும் ஓர் உண்மையையும் இங்கே சொல்லாமற் போவது நேர்மையன்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸ் சூட்டுக்கு இரையானார். அதை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் முன் தொழிலாளர் பக்கம் நின்று வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை இடதுசாரிகள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு மலையக மக்களுக்கு அவர்கள் கொடுத்த வாக்கு. ஆனால் 1964 அக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, லங்கா சமசமாஜக் கட்சி மந்திரிசபையில் இருந்தது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மனிதரில் ஐந்தேகால் இலட்சம் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் இலங்கைக்கு, மீதி பின்னர் என்று, அம்மக்களைக் கேளாமலே பங்கு பிரிக்கப்பட்டது. 1874 இல் வந்த அதே தண்டவாளத்தின் வழியே அவர்களுள் பல்லாயிரவர் தலைமன்னாருக்கு இறங்கிப் போனார்கள். உறவினர் கதறலோடு புறப்பட்ட அந்த வண்டியை மலையகம் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தது.

1970 இல் அமைந்த ஐக்கிய முன்னணி ஆட்சியில் பெருந்தோட்டத்துறை அமைச்சர் அதே கொல்வின் ஆர். டி சில்வா. 1973–74 இல் உலகெங்கும் எண்ணெய் விலையும் உணவு விலையும் ஏறின. இங்கே மாவும் அரிசியும் சுருங்கின. தோட்டங்களில் பட்டினிச் சாவு நிகழ்ந்தது. வேலை நாட்கள் குறைந்து, கூலியும் குறைந்த மக்கள் மலைநாட்டு நகரங்களின் வீதிகளிலே கையேந்தினார்கள். 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் மாநாட்டுக்காகக் கொழும்பு அலங்கரிக்கப்பட்டது. அம்மாநாட்டின் நோக்கத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஏகாதிபத்தியத்துக்கு எதிராக ஏழை நாடுகள் ஒன்றுகூடியது பெருமைக்குரியதே. ஆனால் உலகத்து ஏழைகளை வரவேற்ற தலைநகரின் விளக்கொளி, அந்த ஒளிக்குரிய அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தவரின் லயத்துக்கு எட்டவில்லை. 1977 மே மாதம், தோட்டக் காணிகளைப் பிரித்தெடுப்பதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்கில்லாதவனின் மறுப்பு எவ்வாறு எழுதப்படுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பின்னர் வாக்கு திரும்பி வந்தது. 1988 ஆம் ஆண்டுச் சட்டமும், இறுதியாக 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றோர் என்னும் நிலையை முடித்து வைத்தன. உடனே மலைநாட்டில் வாக்குறுதிகள் பயிராகத் தொடங்கின. தேர்தலுக்குத் தேர்தல் கூரைத் தகரம் வந்தது. ஏழு பேர்ச் காணி, பத்துப் பேர்ச் காணி என்று எண்கள் வந்தன. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட்டில் அறிவித்த பத்தாயிரம் வீடுகளுக்கு, 2024 இல்தான் அடிக்கல் நாட்டு விழா நடந்தது. 2019 சனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச ஆயிரம் ரூபா நாட்சம்பளம் தருவதாகச் சொன்னார். 2020 மார்ச் என்று நாள் குறிக்கப்பட்டது, நாள் வந்து போயிற்று, சம்பளம் வரவில்லை. 2021 மார்ச்சில் அது வர்த்தமானி மூலம் வந்தது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். காலந் தாழ்த்திக் கொடுத்த ஆயிரம், கையில் நிற்குமுன்னே கரைந்தது. 2024 மே தினத்தில் ரணில் விக்கிரமசிங்க கொட்டகலையில் 1,700 ரூபா என்றார். வழக்குகளுக்குப் பின் நிலைத்தது 1,350 ரூபா. 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபா என்றது. சொன்னவர் யாராயினும், அளவுகோல் ஒன்றே: கையில் விழுவது எவ்வளவு, அதனால் வாங்கக் கூடிய அரிசி எத்தனை கொத்து?

இவற்றினும் ஆழமான ஒரு வஞ்சகம், மேடையில் பேசப்படாதது, சட்டப் புத்தகத்திலே கிடந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபைகளின் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாய் நின்றது. தோட்டத்தான் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம். அவனே உறுப்பினனாகவும் ஆகலாம். ஆனால் தன் லயத்துக்குப் போகும் பாதைக்கு அந்தச் சபைப் பணத்தில் ஒரு கூடைக் கல் போட முடியாது. நாவலப்பிட்டியைச் சூழ்ந்த பஸ்பாகே கோறளையிலும் நிலை இதுவே. 2018 ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்தக் கதவைத் திறந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் 'சாலை போடுவோம்' என்று இங்கே முழங்கியவர்களுள் எத்தனை பேர், சட்டம் அதைத் தடுக்கிறது என்று மக்களிடம் சொன்னார்கள்? கொடுக்க முடியாததைக் கொடுப்போமென்பது பொய். ஏன் முடியாது என்பதை மறைப்பது அதனினும் பெரும் பொய்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகளைப் பிளந்தது. பாதுகாப்பான நிலம் கேட்டு நின்ற மக்களுக்குக் காணி என்பது வெறும் உரிமைப் பேச்சன்று, உயிர்ப் பேச்சு என்பதை அம்மழை எழுதிக் காட்டியது. 2014 இல் மீரியபெத்தையின் மண்சரிவு எழுதியதும் அதையே.

வாக்குறுதி முறிந்தது என்று கசந்து, எல்லாரும் ஒன்றே என்று வீட்டுக்குத் திரும்புவது எளிது. அந்தக் கசப்பை ஆள்வோர் விரும்பவே செய்கின்றனர். நம்பிக்கையிழந்தவன் கணக்குக் கேட்பதில்லை. இவ்வூரின் வரலாறு நமக்குச் சொல்வது வேறு. ஒரு வாக்கைப் பறிக்க மூன்று சட்டங்கள் வேண்டியிருந்தன. ஆகவே அது அஞ்சத்தக்க ஆயுதமாகவே இருந்திருக்கிறது. அது திரும்பிய பின்னும் லயங்கள் நிற்கின்றனவெனில், ஆயுதம் பழுதன்று. அதைத் தேர்தல் நாளில் மட்டும் கையிலெடுக்கும் வழக்கமே பழுது. வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத்துக்கென ஒதுக்கிய தொகை எவ்வளவு, ஆண்டு முடிவில் செலவான தொகை எவ்வளவு, எஞ்சியது எங்கே போயிற்று என்று படித்தறிந்து கேட்கும் ஆசிரியரும் மாணவரும் ஒவ்வொரு தோட்டத்துப் பாடசாலையிலும் வேண்டும். அவர்கள் எழுதும் கணக்குப் பிரட்டுக்களத்தில் உரக்க வாசிக்கப்பட வேண்டும்.